தலைக்கு ஒரு மூடி

மோகனூர் சென்னியப்பன் கடலைப் பார்த்ததில்லை. காவிரியில் வெள்ளம் வந்தபோது கரையில் நின்று, "ஒருத்தனுக்கு இதுக்கு மேல எதுக்குங்க தண்ணி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். ஆனாலும் ஏற்றுமதியாளர் என்ற பட்டம் அவருக்கு உண்டு. எழுபத்தாறாம் வருஷம் சேலத்தில் ஒரு கூட்டத்தில் அவர் கழுத்தில் சந்தன மாலை போட்டு, நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் செம்மல்களில் ஒருவர் என்று மைக்கில் சொன்னார்கள். அந்நியச் செலாவணி என்றால் என்னவென்று பக்கத்து நாற்காலிக்காரரை அவர் கேட்டார். அந்த மனிதரும் செம்மல்தான். அவருக்கும் தெரியவில்லை.

நாட்டுக்குச் சென்னியப்பன் ஈட்டித் தந்த அந்தச் செலாவணி முழுக்கப் பேன் எண்ணெயிலிருந்து வந்தது.

விளக்கெண்ணெய் ஒரு பங்கு, வேப்பெண்ணெய் ஒரு பங்கு. மூன்றாவதாக ஒன்று சேரும். அதன் பெயரைச் சொன்னால் யாராவது செய்து பார்ப்பார்கள். பருத்திக்கும் கரும்புக்கும் மருந்து விற்கிற கடையில் கிடைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் பக்கம் உடம்பு தேறக் குடிப்பதும் மருந்து, பயிரில் பூச்சி சாக அடிப்பதும் மருந்து, வாழ முடியாதவர்கள் குடிப்பதும் மருந்து. சொல்கிறவர் முகத்தைப் பார்த்து எந்த மருந்து என்று புரிந்துகொள்வோம். இதில் யாருக்கும் இதுவரை குழப்பம் வந்ததில்லை.

எண்ணெய் காய்ச்சுவது அவர் மனைவி பாவாயி. விற்பது சென்னியப்பனின் வாய். மோகனூர், பரமத்தி, நாமக்கல் என்று சந்தை சந்தையாக அந்த வாய் போகும், சீசாக்கள் கூடவே போகும். சீசாவில் ஒரு காகிதமும் ஒட்டியிருக்காது. எதற்கு ஒட்ட வேண்டும்? ஒட்ட வேண்டியதை எல்லாம் சென்னியப்பன் கத்திக்கொண்டிருப்பார்.

"தலையில தேய்க்கறதுங்கோவ்! ஒரு மூடி போதுமுங்கோவ்! கண்ணுல பட்டா கண்ணு போயிரும், வாய்க்குப் போனா உசுரு போயிரும்! புள்ளைங்க கைக்கு எட்டாம ஒசரத்துல வைங்கோவ்!"

கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்பாள்: "நெசமாலுமே குடிச்சா உசுரு போயிருமாங்க?"

"ஏங்கண்ணு, உன்ற மாமியாளுக்கு ஊத்தலாம்னு பாக்கறயா? அப்பறம் கோர்ட்டுல சாட்சி சொல்ல என்னையக் கூப்புடப்படாது."

சந்தையே சிரிக்கும். சிரித்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். இருபது வருஷத்தில் அந்த எண்ணெயைக் குடித்து ஒரு கோழிகூடச் செத்ததில்லை. உலகத்தில் எந்த அரசாங்கமும் இவ்வளவு செலவில்லாத பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்ததில்லை என்று துணிந்து சொல்லலாம். அதில் ஒரே ஒரு குறை. சென்னியப்பன் கூடவே போக வேண்டும்.

மலேயாத் தோட்டத்திலிருந்து நாவலடியான் கோயிலுக்கு வந்த ஒரு பெண் ஊருக்குத் திரும்பும்போது ஆறு சீசா வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த மாதம் அங்கிருந்து இன்னும் பல பேர் கேட்டு எழுதினார்கள். இந்தச் செய்தி எப்படியோ சேலத்தில் குழந்தைவேல் என்பவருக்கு எட்டியது. குழந்தைவேல் ஏற்றுமதி ஆலோசகர். சஃபாரி உடுப்புப் போட்டிருப்பார். ஏற்றுமதி செய்யத் தெரிந்தவர்கள் ஏற்றுமதி செய்தார்கள், மற்றவர்கள் ஆலோசகர் ஆனார்கள் என்பது அந்தக் காலத்து முறை. கடைக்காரன், தரகன் யாரும் வேண்டாம், அங்குள்ள தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கே பார்சல் அனுப்பலாம் என்று அவர்தான் வழி காட்டினார்.

சீசாவுக்குக் காகிதம் ஒட்ட வேண்டும் என்றதும் அவர்தான். தீப்பெட்டிப் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டை எடுத்து எண்ணெய்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மொதல்ல பேனுங்கறத எடுத்துருங்க," என்றார் குழந்தைவேல். "பார்சல தபால்காரன் பாப்பான், பக்கத்து ஊட்டுக்காரி பாப்பா. பேன் எண்ணெய்னு எழுதியிருந்தா எந்தப் பொம்பள கையெழுத்துப் போட்டு வாங்குவா? கவுரவமா ஒரு பேரு வெப்போம். சுகசஞ்சீவித் தைலம்."

"பேரு நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் சென்னியப்பன்.

"அடுத்தது, இந்தியாவில் செய்தது. இங்கிலீஷ்ல வேணும். அது ரூல்ஸு. உள்ள எத்தன மில்லி. அதுவும் ரூல்ஸு. உங்க விலாசம், பின்கோடு. ரூல்ஸு."

"வாய்க்குப் போகப்படாதுங்கறது?"

குழந்தைவேல் தன்னிடமிருந்த தாள்களைப் புரட்டினார். நேர்மையாகவே புரட்டினார். "அது இதுல இல்லீங்களே," என்றார். "இருந்தா போட்டுரலாம். இல்லாதத எதுக்குப் போட்டு வாங்கறவங்களப் பயமுறுத்தோணும்? எப்படி உபயோகிக்கறதுன்னு ஒரு வரி போட இடம் இருக்குது. ஒரே ஒரு வரி. நறுக்குன்னு சொல்லுங்க."

சந்தையில் கால் மணி நேரம் கத்துவதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தார். பிறகு சொன்னார்:

"தலைக்கு ஒரு மூடி."

"அடடா!" என்றார் குழந்தைவேல்.

பாவாயிக்குப் படிக்கத் தெரியாது. அச்சடித்து வந்த காகிதங்களைக் கஞ்சிப் பசை தடவி ஒட்டும்போது அவள் ஒரு தடவை கேட்டாள்: "ஏனுங்க, சந்தையில நீங்க சொல்றதெல்லாம் இதுல இருக்குதுங்களா?"

"எல்லாம் சுருக்கமா இருக்குது புள்ளே."

நாகப்பட்டினத்தில் சீசாக்கள் கப்பலேறின. சென்னியப்பனின் வாய் மோகனூரிலேயே இருந்துவிட்டது.

மூன்று வருஷம் நன்றாகவே நடந்தது. நாட்டுக்குச் செலாவணி வந்தது, சென்னியப்பனுக்கு ஓட்டு வீடு வந்தது. அந்தச் சீசாவைப் பலர் பரிசோதித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுகிப் பக்கத்துப் பார்சலை நனைக்குமா என்று தபால் இலாகா பார்த்தது. உள்ளே தங்கம் இருக்கிறதா என்று சுங்க இலாகா பார்த்தது. பணம் முறையாக வந்ததா என்று வங்கி பார்த்தது. எல்லோரும் தங்கள் கடமையில் கொஞ்சமும் வழுவவில்லை. மூடியைத் திறந்து இதை யாராவது குடித்துவிட்டால் என்று கேட்பது மட்டும் யாருடைய கடமையாகவும் இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் குழந்தைவேல் பஸ்ஸிலிருந்து இறங்கி வேர்த்து விறுவிறுத்து வந்தார். சஃபாரி உடுப்பில் இரண்டு பொத்தான்கள் திறந்திருந்தன.

"அங்க ஒரு சின்ன அசம்பாவிதம்," என்றார். "தோட்டத்துல ஒரு கொழந்த நம்ம தைலத்தக் குடிச்சுப் போச்சு. போச்சுன்னா, போயிருச்சு."

சென்னியப்பன் கையிலிருந்த சீசாவைத் தரையில் வைத்தார்.

"நீங்க ஒண்ணும் கலங்க வேண்டாம். அந்த ஊரு ஆபீஸ்லருந்து விசாரிச்சாங்க. ரூல்ஸ் சொன்னதெல்லாம் காகிதத்துல இருக்குதுன்னு பதில் போட்டுட்டேன். வித்தவன் நம்ம ஊர்ல இல்ல, நாம என்ன பண்றதுன்னு அவங்க மூடிட்டாங்க. இங்க கேட்டா, செத்தது நம்ம ஊர்ல இல்லயேம்பாங்க. உங்களுக்கு எந்தப் பக்கத்துலயும் வழக்கில்ல."

இரண்டு நாட்டுச் சட்டங்களும் இவ்வளவு மரியாதையாக ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டபோது நடுவில் விழுந்து கிடந்தது எட்டு வயசுப் பெண்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும்," என்றார் குழந்தைவேல். "புள்ளயோட அப்பன் கப்பலேறி இங்க வர்றானாமா. காசு கேக்கலையாமா, என்னமோ ஒரு வார்த்த கேக்கோணுமாமா. என்ன கேட்டாலும் தப்புங்கற சொல்லு உங்க வாயில வரப்படாது. ஒரு சீசாவுக்குத் தப்புன்னு சொன்னீங்கன்னா போன சீசா அத்தனைக்கும் தப்பாயிரும். தலைக்குன்னா தலைக்குத்தானே, வாய்க்குன்னு எங்க எழுதியிருக்குது? இத மட்டும் சொல்லுங்க. மனப்பாடம் பண்ணிக்குங்க."

சென்னியப்பன் மனப்பாடம் செய்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தார். சந்தையில் அவர் வாய் அடங்கிப்போனது. சும்மாவே இரண்டு வாரம் சீசாவோடு உட்கார்ந்து திரும்பி வந்தார். ஒருத்தர்கூட வாங்கவில்லை. கத்தாத சென்னியப்பனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

குழந்தையின் அப்பா மாதையன் தை மாதம் வந்தார். அவர் தாத்தா வாழப்பாடிப் பக்கத்திலிருந்து மலேயாவுக்கு ரப்பர் பால் எடுக்கப் போனவர். மாதையன் பிறந்தது அங்கே. ஒட்டடைக் குச்சி மாதிரி மெலிந்த ஆள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரையும் போல அவர் கையிலும் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. சென்ட்டு, சட்டைத்துணி எதுவும் இல்லை. டேப்ரிக்கார்டர் மட்டும். அதைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் சண்டை போட வரலை ஐயா," என்றார். "என் சம்சாரம் ஆராயி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா. வீட்டுல நானும் ரெண்டு பிள்ளைகளும். எங்க லயத்து வீடுகள்ல மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் குடுப்போம். விளக்கெண்ணெய் தேடினேன். அலமாரியில உங்க சீசா இருந்துச்சு. அவ தலைக்குத் தேய்க்க வாங்கினதுன்னு எனக்குத் தெரியாது. மூடியைத் திறந்தேன். விளக்கெண்ணெய் வாசம். எனக்கு நாலாவது வரைக்கும் தமிழ் தெரியும் ஐயா. வாய்விட்டுப் படிச்சேன். தலைக்கு ஒரு மூடின்னு இருந்துச்சு. ஆளுக்கு ஒரு மூடி ஊத்தினேன்."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். மாதையன் இன்னும் முடிக்கவில்லை என்று கையைக் காட்டினார்.

"சின்னவன் கசக்குதுன்னு துப்பிட்டான். அதனால பொழைச்சான். நானும் குடிச்சேன். வளர்ந்த உடம்பு, மூணு நாள் கெடந்து எந்திரிச்சுட்டேன். மூத்தது அத்தாயி. எங்க அம்மா பேரு அவளுக்கு. சொன்ன பேச்சு கேக்கிற பிள்ளை. முகத்தைச் சுளிச்சுக்கிட்டே முழுங்கிட்டா."

உள்ளே அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்டது. கதவுக்குப் பின்னால் பாவாயி நின்றிருந்தாள்.

"ஆராயி எங்கூடப் பேசறதில்லை. தலைக்குன்னு எழுதியிருக்கு, உனக்குப் படிக்கத் தெரியலை, நீதான் கொன்னேன்னு ஒரு தடவை சொன்னா. அதோட சரி. நான் படிச்சது தப்பா, நீங்க எழுதினது தப்பா? அதை மட்டும் நீங்க சொல்லணும். எழுதிக் குடுத்தா அவ நம்ப மாட்டா, எழுத்தாலதானே இப்படி ஆச்சுன்னு சொல்லுவா. இதுல உங்க வாயால சொல்லுங்க. நான் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டறேன்."

மாதையன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கேசட் சுற்றியது.

"தலைக்குன்னா..." என்று சென்னியப்பன் ஆரம்பித்தார். தொண்டையைச் செருமினார். "தலைக்குன்னா தலைக்குத்தானுங்களே. வாய்க்குன்னு நாங்க எங்கீங்க எழுதியிருக்கறோம்?"

பிசகாமல் சொல்லிவிட்டார். குழந்தைவேல் கேட்டிருந்தால் இன்னொரு மாலை போட்டிருப்பார்.

மாதையன் பொத்தானை அணைத்தார். தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. "அப்ப நான்தான்," என்றார். "சரிங்க ஐயா. தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன்." டேப்ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்கண்ணா," என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மூணு மணிக்குத்தானுங்க பஸ்ஸு. சாவு சொல்லி வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பறதில்லீங்க. ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க."

மாதையன் டேப்ரிக்கார்டரைத் திரும்பக் கட்டிலில் வைத்தார். பாவாயி இரண்டு இலை போட்டாள். எதிரெதிராக உட்கார்ந்தார்கள். சோறும் அவரைப் பருப்பும் வைத்தாள். கிண்ணத்தில் நெய் எடுத்து வந்து நடுவில் நின்றாள்.

"நெய்யி இம்புட்டுத்தானுங்க இருக்குது," என்றாள் பாவாயி. "தலைக்கு ஒரு கரண்டி ஊத்தட்டுங்களா?"

வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் அந்தச் சொல் கேட்டது. தினமும் நூறு தடவை புழங்குகிற சொல்தான். கூலி தலைக்கு இவ்வளவு, கோயில் வரி தலைக்கு இவ்வளவு, பந்தியில் லட்டு தலைக்கு ஒன்று. அவள் தெரிந்து சொன்னாளா, வாயில் வந்ததைச் சொன்னாளா என்று பிற்பாடு சென்னியப்பன் எத்தனையோ தடவை கேட்டார். பாவாயி பதில் சொன்னதேயில்லை.

மாதையன் நிமிர்ந்து பார்த்தார். கரண்டியில் நெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊத்துங்க தங்கச்சி," என்றார் மெதுவாக. "ஆனா இலையில ஊத்துங்க. என் தலையில ஊத்திடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சென்னியப்பன் பிசைந்த சோற்றோடு கையை அப்படியே வைத்திருந்தார். பாவாயி மாதையன் இலையில் ஒரு கரண்டி ஊற்றினாள். புருஷன் இலைக்கு வந்தவள், கரண்டியை அவர் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"எங்கீங்க ஊத்தட்டும்?" என்று கேட்டாள். "தலைக்குன்னா தலைக்குத்தானுங்களே?"

சென்னியப்பன் எச்சில் கையோடு எழுந்தார். கட்டிலுக்குப் போனார். எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரியவில்லை. மாதையன் வந்து அழுத்தினார். சந்தைக்கே கேட்கும் வாயிலிருந்து பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரல் வந்தது.

"அம்மிணி, மோகனூர் சென்னியப்பன் பேசறனுங்க. உங்க ஊட்டுக்காரரு படிச்சது சரிதானுங்க. எழுதுனதுதான் தப்புங்க. அது பேன் எண்ணெயிங்க. தலையில தேய்க்கறதுங்க. வாய்க்குப் போனா உசுரு போயிருமுங்க. புள்ளைங்க கைக்கு எட்டாம ஒசரத்துல..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சந்தையில் சொல்வது அத்தனையும் அப்படியே வரிசையாக வந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக. மாதையன் மீதிச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பிரித்து எண்ணெயைக் கிணற்றுக்கு எட்டாத தூரத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஏற்கெனவே போன சீசாக்களைத் திருப்ப முடியுமா என்று சென்னியப்பன் தபால் ஆபீசில் கேட்டார். போய்ச் சேர்ந்த பொருள் வாங்கினவருடையது என்றார்கள். வாங்கினவர்களுக்கு எல்லாம் குடிக்காதீர்கள் என்று எழுதிப் போட்டார். சிலர் பதில் எழுதினார்கள். தலைக்கு என்றால் தலைக்குத்தான் என்பது எங்களுக்குத் தெரியாதா, எங்களை என்ன மடையர்கள் என்று நினைத்தீரா என்று ஒருத்தர் திட்டியிருந்தார். அந்தத் திட்டை மட்டும் சென்னியப்பன் சந்தோஷமாகப் படித்தார். பதில் எழுதாதவர்களைப் பற்றித்தான் அவருக்குத் தூக்கம் போனது.

ஆடியில் மாதையனிடமிருந்து சேதி வந்தது. ஆராயி கேசட்டைக் கேட்டாளாம். திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டாளாம். இப்போது அவரோடு பேசுகிறாளாம். ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். வாய்க்குப் போனால் உசுரு போகும் என்று எழுதினவருக்கு முன்னாலேயே தெரியுமா?

அதற்குச் சென்னியப்பன் பதில் எழுதவில்லை. இரண்டு நாடுகளிலும் யாரும் கேட்காத கேள்வியை அந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

பிறகு அவர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டி ஓட்டினார். சந்தைப் பக்கம் போகவில்லை. எண்பத்தேழாம் வருஷம், நுகர்வோரைப் பாதுகாக்கப் புதுச் சட்டம் வந்திருப்பதாகவும் அதை விளக்க நாமக்கல்லில் கூட்டம் நடப்பதாகவும் கேள்விப்பட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். மேடையில் ஓர் அதிகாரி அருமையாகப் பேசினார். ஏமாந்தவர்கள் இனி அஞ்ச வேண்டாம் என்றார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். சென்னியப்பன் எழுந்தார்.

"ஏனுங்க சாமி, வாங்குனவங்க வேற நாட்டுல இருந்தா இந்தச் சட்டம் செல்லுமுங்களா?"

"அது மேலிடத்துல கேட்டுத்தான் சொல்லணும்," என்றார் அதிகாரி.

"அவங்களுக்காக வேற யாராச்சும் புகார் குடுக்கலாமுங்களா?"

"யார் குடுக்கப் போறீங்க? நீங்க அவங்களுக்கு உறவா?"

"இல்லீங்க. நான் வித்தவனுங்க. என்ற மேல நானே குடுக்கலாம்னு வந்தேனுங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பழைய சந்தைச் சிரிப்பு மாதிரியே இருந்தது. அதிகாரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பெரியவரே, உக்காருங்க. சட்டத்துல அப்படி ஒரு ஆளே கிடையாது."

இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்பினார். பாவாயி சோறு போட்டாள். நெய் ஊற்றவில்லை. அந்த வீட்டில் நெய் வாங்கிப் பல வருஷமாகியிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதுல நான் இல்லையாமா புள்ளே."